மேளம் காத்திருந்த முகூர்த்தம்



கல்யாணப் பந்தலில் முகூர்த்த வேளை நெருங்கும்போது, மணவறைக்கு அருகில் நிற்கும் பெரியவர் ஒருவர் எங்களை நோக்கி விரலை உயர்த்தி ஆட்டுவார். "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று நாலு பக்கமிருந்தும் குரல் எழும். அதுவரை நிதானமாக ஊர்ந்துகொண்டிருந்த நாகசுரம் அந்தக் கணமே விரைவு கொள்ளும்; தவில் இடியென முழங்கும்; அட்சதை பறக்கும். நீங்களும் அட்சதை தூவியிருப்பீர்கள். அந்த முழக்கம் எதற்காக என்று எப்போதாவது எண்ணிப் பார்த்தீர்களா?

தாலி ஏறும் நொடியில் ஒரு தும்மலோ, ஒரு குழந்தையின் அழுகையோ, எங்கோ இருவர் பேசிக்கொள்ளும் கடுஞ்சொல்லோ மணமக்களின் செவியில் விழலாகாது. ஆகவே பிற ஓசை எதுவும் தலைகாட்டாதபடி மேளம் முழங்க வேண்டும் என்று எங்கள் பெரியவர்கள் கூறுவார்கள். ஒரு நல்ல நொடிக்கு நாங்கள் ஓசையால் வேலி கட்டுகிறோம் என்று சொல்லலாம். தலைமுறை தலைமுறையாக எங்கள் குடும்பத்தின் பிழைப்பும் பெருமையும் அந்த வேலியைச் சார்ந்தே இருந்து வருகின்றன.

நான் முப்பது ஆண்டுகளாக நாகசுரம் வாசித்து வருகிறேன். எத்தனை முகூர்த்தங்களுக்கு வாசித்தேன் என்று கணக்கு வைத்ததில்லை. அவற்றுள் ஒரே ஒரு முகூர்த்தத்தில் மட்டும், அந்த நொடி வந்தபோது, வாத்தியத்தைக் கையில் பிடித்தபடி ஓசையின்றி நின்றேன். அந்தக் கதையை உங்களுக்குச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

நான் குடியிருப்பது திருமுல்லைவாயில். சென்னைக்கு மேற்கே, அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையில் இருக்கும் ஊர். சுந்தரர் பாடிய மாசிலாமணீசுவரர் கோயில் இங்கே இருக்கிறது. தெற்கே சிறிது தூரம் சென்றால் பூந்தமல்லி. காஞ்சி வரதனுக்கு ஆலவட்டம் வீசித் தொண்டு புரிந்த திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் அது. இவ்வாறு பழம்பெருமை வாய்ந்த நிலமாயினும், இன்று இதன் முகம் வேறு. 1856-ஆம் ஆண்டில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை போடப்பட்டபோது, அது இந்த வழியாகத்தான் சென்றது. 1960-களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை தோன்றியது. 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. வேலை தேடிப் பல மாநிலத்து மக்கள் வந்து சேர்ந்தார்கள். ஒரே தெருவில் மலையாளமும் தெலுங்கும் இந்தியும் பஞ்சாபியும் கேட்கும். ஒரு வீட்டில் ஓணம், அடுத்த வீட்டில் தீபாவளி, அதற்கடுத்த வீட்டில் கிறிஸ்துமஸ் என்று ஆண்டு முழுதும் ஏதேனும் ஒரு விழா நடந்துகொண்டே இருக்கும்.

விழா இருக்கும் இடமெல்லாம் எங்களுக்குப் பிழைப்பு உண்டு. ஊர் ஊராகச் செல்வதே எங்கள் வாழ்க்கை. என் அம்மான் எனக்குத் தவில் வாசிக்கிறார். அவர் என்னிலும் இருபது வயது மூத்தவர். எனக்குத் தாளம் பழக்கியவரும் அவரே. விடியற்காலை மின்சார ரயிலில் தவிலைத் தூக்கிக்கொண்டு ஏறுவது எத்தகைய தொல்லை என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள். பலாமரத்தில் குடைந்த அந்த உருளை, கதவருகே இருந்தால் இறங்குவோர் இடிப்பார்கள். உள்ளே வைத்தால் உட்காருவோர் முறைப்பார்கள்.

அவ்வாறான ஒரு விடியற்காலையில்தான் அந்த நண்பர் எனக்கு அறிமுகமானார். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்பவர். அன்று ஏதோ காரியமாகச் சென்னைக்குச் சென்றுகொண்டிருந்தார். யாரும் கேளாமலேயே தவிலை வாங்கித் தம் மடியில் வைத்துக்கொண்டு, பேசின் பிரிட்ஜ் வரை ஒரு குழந்தையைப் போல் அணைத்து வந்தார். இறங்கும்போது, "உள்ளே ஒன்றுமே இல்லை, ஆனாலும் என்ன கனம்!" என்று சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் நட்பு வளர்ந்தது.

ஒரு மார்ச் மாதத்தில் அவர் என்னைத் தம் வீட்டிற்கு அழைத்தார். "எங்கள் புத்தாண்டு வருகிறது. சிறிது நேரம் வந்து வாசிக்க வேண்டும்" என்றார். மார்ச்சில் என்ன புத்தாண்டு என்று வியந்தேன். அப்போதுதான் அவர் பஹாய் சமயத்தைச் சார்ந்தவர் என்பது எனக்குத் தெரிய வந்தது.

உங்களில் பலர் தில்லியில் தாமரைக் கோயிலைப் படத்திலேனும் பார்த்திருப்பீர்கள். 1986-இல் திறக்கப்பட்ட அந்த வெண்பளிங்குக் கோயிலுக்கு இருபத்தேழு இதழ்கள், ஒன்பது வாயில்கள். எச்சமயத்தவரும் உள்ளே சென்று மௌனமாக வழிபடலாம். அது பஹாய் சமயத்தாரின் கோயில். அச்சமயத்தை நிறுவிய பஹாவுல்லா 1817-இல் பாரசீகத்தில் பிறந்தவர். 1853-இல் தாயகத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் பாக்தாதுக்கும், பின்னர் துருக்கி நாட்டிற்கும், 1868-இல் அக்கா நகரச் சிறைக்கும் அனுப்பப்பட்டு, 1892-இல் மறைந்தார். சமயங்கள் அனைத்தும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை, மனித குலம் ஒன்று என்பன அவர் போதனையின் சாரம். அவர் வாழ்ந்த காலத்திலேயே, 1870-களில், ஜமால் எஃபெந்தி என்ற தூதர் இந்தியாவில் பயணம் செய்து அப்போதனையை இங்குப் பரப்பினார்.

பஹாய் ஆண்டுக்குப் பத்தொன்பது மாதங்கள். மாதத்திற்குப் பத்தொன்பது நாட்கள். மீதமுள்ள நான்கைந்து நாட்களை விருந்தோம்பலுக்கும் ஈகைக்கும் என ஒதுக்கியிருக்கிறார்கள். கடைசி மாதம் முழுதும் சூரிய உதயம் முதல் அத்தமனம் வரை நோன்பு. அந்த நோன்பு முடியும் நாள் நவ்ரூஸ் என்னும் புத்தாண்டு. இரவும் பகலும் சம அளவாகும் மார்ச் 20 அல்லது 21-ஆம் நாளில் அது அமையும். அவர்கள் கணக்கில் நாள் என்பது சூரியன் மறையும்போது தொடங்குகிறது. ஆகையால் என்னையும் மாலையில்தான் வரச் சொன்னார்.

சிறிய வீடு. நாகசுரமோ வெட்டவெளி வாத்தியம். கோபுர வாசலிலும் தேரோடும் வீதியிலும் முழங்குவதற்கென்றே அமைந்தது. ஆச்சா மரத்தில் கடைந்த அதன் குழலும், நாணலில் செய்த சீவாளியும் சுவர்களுக்குள் அடங்கா. எனவே மொட்டை மாடியில் பாய் விரித்து அமர்ந்தோம். நான் கல்யாணியைத் தொடங்கினேன். சிறிது நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மாள் படியேறி வந்து, "யாருக்குக் கல்யாணம்? எங்களுக்குச் சொல்லவே இல்லையே!" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கும் ஒரு பாய் விரிக்கப்பட்டது.

இடையில் ஒரு சிறுமி எழுந்து கைகட்டி நின்று தமிழில் பிரார்த்தனை சொல்லத் தொடங்கினாள். நான் வழக்கம்போல அவள் குரலுக்குப் பின்னணியாக மெல்ல வாசிக்கலானேன். நண்பர் என் முழங்கையைத் தொட்டார். உள்ளங்கையைச் சிறிது உயர்த்தினார். சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டேன். எனக்கு அது சற்று வருத்தமாகவே இருந்தது என்பதை மறைப்பானேன்? என் வாசிப்பில் பிழையோ என்று எண்ணினேன். பின்னர் அவர் விளக்கினார்: "தாமரைக் கோயிலுக்குள் வாத்தியமே கிடையாது. பிரார்த்தனையை ஓதலாம், பாடலாம். எல்லாம் மனிதக் குரல்தான். வீட்டில் அப்படிக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் குழந்தை சொல்வது எல்லோருக்கும் கேட்க வேண்டும் அல்லவா?"

இசையை வெறுக்கும் சமயமோ என்று ஐயுற்றேன். அதுவுமில்லை. பஹாவுல்லாவின் சட்ட நூலாகிய கித்தாப்-இ-அக்தஸ், இசை கேட்பது ஆகுமானது என்று வெளிப்படையாக அனுமதிக்கிறது. ஆன்மா மேலே ஏறுவதற்கு இசை ஓர் ஏணியாகலாம்; ஆயினும் அது கண்ணியத்தின் எல்லையை மீறலாகாது என்பது அதன் கருத்து. ஏணி என்ற உவமை என்னைச் சிந்திக்க வைத்தது. ஏணியின் பயன் ஏறிச் செல்வதில் இருக்கிறது. ஏறி முடித்த பிறகும் அதையே பற்றிக்கொண்டிருப்பவன் மாடியைக் காண்பதில்லை.

இதற்கு ஈராண்டுகள் சென்றபின் நண்பரின் திருமணப் பேச்சு எழுந்தது. மணமகள் பூந்தமல்லியைச் சார்ந்தவர். பஹாய் அல்லாத குடும்பத்துப் பெண். பஹாய் திருமணத்திற்கு இரண்டு நிபந்தனைகள் முக்கியமானவை. மணமக்கள் ஒருவரையொருவர் விரும்பித் தேர்ந்துகொள்ள வேண்டும். அதன்பின் இருவருடைய பெற்றோரும், உயிரோடிருப்பவர் அனைவரும், மனமுவந்து சம்மதிக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் திருமணம் இல்லை. பெற்றோர் எந்தச் சமயத்தவராயினும் இவ்விதி மாறாது.

பெண்ணின் தந்தை மறுத்தார். எட்டு மாதங்கள் கடந்தன. சினிமாவில் வருவதுபோல ஓடிப்போவதற்கு அங்கே இடமே இல்லை. நண்பர் இளைத்துப் போனார். ஆயினும் அந்தப் பெரியவரைப் பற்றி ஒரு கடுஞ்சொல்கூட அவர் வாயிலிருந்து வரவில்லை. "அவர் மகளை வளர்த்தவர். அவருக்கும் காலம் வேண்டும்" என்று மட்டும் சொல்வார். கடைசியில் பெரியவர் இசைந்தார். ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார். அதற்காக அவரே என் வீடு தேடி வந்தார்.

"வித்துவான் ஐயா, புரோகிதர் இல்லை என்கிறார்கள், சரி. ஓமம் இல்லை என்கிறார்கள். அதற்கும் சரி என்றேன். ஆனால் மேளம் கொட்டாத கல்யாணத்தை எங்கள் ஊரில் கல்யாணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். என் மகள் கல்யாணத்தில் கெட்டிமேளம் முழங்கியது என்று நான் ஊராரிடம் சொல்ல வேண்டும்" என்றார். சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

நான் மகிழ்ந்து ஒப்புக்கொண்டேன். பிறகுதான் சிக்கல் புரிந்தது. பஹாய் திருமணத்தில் தாலி கட்டுவது சடங்கின் உயிர்நிலை அன்று. இறைவனின் திருவுளப்படி நடப்போம் என்னும் பொருளில் ஒரே வாக்கியம். அதை மணமகனும் சொல்ல வேண்டும், மணமகளும் சொல்ல வேண்டும். இருவருக்கும் சொல் ஒன்றே. இரண்டு சாட்சிகள் அதைச் செவியால் கேட்க வேண்டும். அந்தச் சொல்தான் திருமணம். மற்றவை எல்லாம் அலங்காரம். அப்படியாயின் கெட்டிமேளம் எந்த நொடியில் முழங்குவது? முகூர்த்த நொடி அந்தச் சொல் பிறக்கும் நொடியே. அப்போது நாங்கள் முழங்கினால் சாட்சிகளுக்குச் சொல் கேளாது. சொல் கேளாவிட்டால் திருமணமே நிறைவேறாது!

அம்மானிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "முகூர்த்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்கவா நான் ஐம்பது வருஷம் தவில் அடித்தேன்? அந்த நேரத்தில் ஓர் அபசகுனம் காதில் விழுந்தால் பழி யாருக்கு? தம்பி, நீ வேறு ஆளைப் பார்த்துக்கொள்" என்றார். அவர் சொன்னதில் அநியாயம் இல்லை. ஒரு வேலிக்காரனிடம் வேலியை எடுத்துவிடு என்றால் அவன் வேறு என்ன சொல்வான்?

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எங்கள் கலையில் இதற்கு முன்மாதிரி உண்டா என்று எண்ணிப் பார்த்தேன். கரவதியில் பிறந்து திருவரங்கத்தில் குடியேறிய ஷேக் சின்ன மௌலானா சாகிபு நினைவுக்கு வந்தார். 1924 முதல் 1999 வரை வாழ்ந்த அம்மேதை, தம் இஸ்லாமிய நெறியிலும் வழுவாமல், அரங்கன் சந்நிதியிலும் குறைவின்றி நாகசுரம் வாசித்தார். நாகசுரம் பிறருடைய வாசலுக்குச் சென்று மதிப்போடு நிற்க வல்லது என்பதை அவர் வாழ்ந்து காட்டியிருக்கிறார்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் நினைவுக்கு வந்தார். 1826-இல் திருச்சிராப்பள்ளிப் பகுதியில் குளத்தூரில் பிறந்து, மாயூரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றிய கிறிஸ்தவர். எந்தச் சமயத்தவரும் கூச்சமின்றிப் பாடுவதற்கென்றே சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை இயற்றி 1878-இல் வெளியிட்டார். சற்றே எண்ணிப் பாருங்கள். அதே ஆண்டுகளில் பஹாவுல்லா அக்காவில் காவலில் இருக்கிறார். அதற்குச் சற்று முன்னர், 1865-இல், வள்ளலார் இங்கே சமரச சன்மார்க்க சங்கம் காண்கிறார். மூவரும் வெவ்வேறு நெறியில் வளர்ந்தவர்கள். ஆயினும் மூவர் உள்ளத்திலும் ஒருமை என்ற எண்ணம் ஏறத்தாழ ஒரே காலத்தில் முளைக்கிறது. வேதநாயகம் பிள்ளை பெண் கல்விக்காகவும் அயராது எழுதியவர். பெண்ணின் சொல்லுக்கு அவையில் இடம் வேண்டும் என்று கருதியவரின் கீர்த்தனையை, பெண்ணும் சொல் சொல்லி மணக்கும் அவையில் வாசிப்பது பொருத்தம் என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் அம்மானிடம் சென்றேன். "மாமா, கெட்டிமேளம் உண்டு. ஆனால் ஒரு நொடி தள்ளி. பெண் சொல்லி முடித்ததும், சாட்சிகள் தலையசைத்ததும், மாலை மாற்றும்போது முழங்கலாம். அதுவரை கோலைத் தூக்கியபடி காத்திருக்க வேண்டும். உங்களைப்போல் காலப்பிரமாணம் தெரிந்தவர் இல்லாவிட்டால் அது நடக்காது" என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. விரல்களில் அணியும் கூடுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். அதுவே சம்மதம் என்று அறிந்துகொண்டேன்.

திருமணம் பூந்தமல்லியில் ஒரு சிறு மண்டபத்தில் நடந்தது. பெண்ணின் தந்தை முன்வரிசையில் அமர்ந்திருந்தார். ஊரிலிருந்து வந்த உறவினர்கள் ஐயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேதநாயகம் பிள்ளையின் கீர்த்தனை ஒன்றை வாசித்து முடித்தோம். மணமக்கள் எழுந்து நின்றார்கள். நான் சீவாளியை எடுத்துவிட்டேன். அம்மான் கோலை உயர்த்திப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தார்.

நண்பர் சொன்னார், தெளிவாகக் கேட்டது. பிறகு மணமகள் சொன்னார். மிக மெல்லிய குரல். வெளியே பெருஞ்சாலையில் லாரி ஒன்று உறுமிக்கொண்டு போயிற்று. சாட்சிகளில் ஒருவர் வயது முதிர்ந்தவர்; காதருகே கையைக் குவித்து, "அம்மா, எனக்குக் கேட்கவில்லை; இன்னொரு முறை சொல்லு" என்றார்.

மண்டபம் முழுதும் அடங்கிவிட்டது. சமையற்கட்டில் பாத்திர ஓசைகூட நின்றது. எந்த நொடியில் எங்கள் மேளம் பிற ஓசைகளையெல்லாம் விழுங்க வேண்டுமோ, அந்த நொடியில் முந்நூறு பேர் மூச்சடக்கி இருந்தார்கள். அந்தப் பெண் தலை நிமிர்ந்து, உரத்த குரலில், அந்த வாக்கியத்தை மீண்டும் சொன்னார்.

மாணவர்களே, நான் உங்களிடம் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். மாதா கோயில் மணங்களிலும் சீர்திருத்த மணங்களிலும் மணமகள் உறுதிமொழி கூறுவது உண்டு என்பதை அறிவேன். ஆனால் அவ்விடங்களில் எங்கள் மேளம் வாசலோடு நின்றுவிடும். அல்லது வருவதே இல்லை. நான் மணவறைக்கு எதிரே அமர்ந்து வாசித்த எத்தனையோ முகூர்த்தங்களில் மணமகளின் முகத்தைக் கண்டிருக்கிறேன், குரலைக் கேட்டதில்லை. அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். நாங்கள் கட்டிய வேலிக்குள் தீய ஓசை நுழையாதபடி காத்தோம் என்பது உண்மை. அந்த வேலிக்குள்ளேயே ஒரு நல்ல சொல்லும் பிறந்து, எவர் செவியிலும் விழாமல் போயிருக்கக்கூடும் என்று நான் அதுவரை எண்ணியதே இல்லை.

பெண்ணின் தந்தையைப் பார்த்தேன். மேல்துண்டால் கண்களை ஒற்றிக்கொண்டார். சாட்சிகள் இருவரும் தலையசைத்தார்கள். மாலைகள் எழுந்தன. நான் விரலசைக்கும் முன்பே அம்மானின் கோல் இறங்கிவிட்டது. அன்று முழங்கிய கெட்டிமேளத்தைப் போல் ஒரு முழக்கத்தை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ஐயத்தோடு பார்த்துக்கொண்டிருந்த உறவினர்கள் எழுந்து நின்று அட்சதை தூவினார்கள். அந்தப் பெரியவரும் எழுந்து நின்றார்.

திரும்பி வரும்போது பேருந்தில் அம்மான் வெகு நேரம் மௌனமாக இருந்தார். ஆவடி நெருங்கும்போது, "தம்பி, இத்தனை வருஷம் நேரத்துக்கு அடித்தேன். இன்றைக்கு அந்தப் பெண் சொன்ன சொல்லுக்கு அடித்தேன்" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அடுத்த வாரமே திருவேற்காட்டில் ஒரு கல்யாணம். வழக்கம்போல் தாலி ஏறும்போது கெட்டிமேளம் முழங்கினோம். அவ்விடத்தில் அதுவே முறை. அதில் எனக்கு எந்தக் குறையும் தோன்றவில்லை. ஒரு வீட்டில் முழங்குவது மரியாதை. இன்னொரு வீட்டில் காத்திருப்பது மரியாதை. எந்த வீட்டில் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாசற்படி ஏறுவது, ஊர் ஊராகச் செல்லும் கலைஞனுக்குச் சுரம் பழகுவதைப்போலவே இன்றியமையாத சாதகம். அந்தச் சாதகத்தை நான் என் நாற்பத்தைந்தாம் வயதில்தான் தொடங்கினேன். உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. அடுத்த தெருவில் ஒரு விழா நடந்தால், என்ன விழா என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் உங்களுக்கும் ஒரு பாய் விரிப்பார்கள்.